விற்காத வரைக்கும் நட்டமில்லை

காந்தி மார்க்கெட் பஸ் நிறுத்தத்தில் அவர் நின்ற நிலையை என்னால் இன்றும் அப்படியே வரைந்து காட்ட முடியும், வரையத் தெரிந்திருந்தால். இடது கையில் குடை. வலது கையில் வெற்றிலைப் பொட்டலம். பார்வை முழுவதும் பஸ் திரும்பி வரவேண்டிய மூலையின் மேல். அன்று ஸ்ரீரங்கம் பஸ் வரவில்லை. பழக்கமான ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நிறுத்தி, வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவதாகச் சொன்னார். கூலியும் நியாயமான கூலிதான். இவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"முக்கால் மணி நேரம் நின்னாச்சுப்பா. இப்ப வண்டியில ஏறினா நின்னதெல்லாம் வீணாப் போயிடும்."

வண்டிக்காரர் வேறு ஆளை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் போய்த் திரும்பி வந்தார். இவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். இப்போதாவது வருகிறீர்களா என்று கேட்டார் வண்டிக்காரர்.

"இப்ப எப்படி வர்றது? அப்பவிட இப்ப இன்னும் அதிகமா நின்னுட்டேனே."

அவர் என் முதலாளி. மார்க்கெட்டில் வெல்ல மண்டி வைத்திருந்தார். அணா போய் நயா பைசா வந்த சமயத்தில் நான் அவரிடம் தராசில் நின்றேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் போகாதவனுக்கு, நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவனுக்கு, தராசு நல்ல வேலை. பேச வேண்டியதை முள் பேசிவிடும்.

குள்ளமான, வட்டமான மனிதர். நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடு. குரல் மட்டும் ஆளைவிட உயரம். யாரிடமும் கடிந்து பேசமாட்டார். பண்டிகைக்கு எங்கள் எல்லோருக்கும் வேட்டி எடுத்துக் கொடுப்பார். மூட்டை தூக்குகிற ஆள் ஒருவர் காய்ச்சலில் படுத்தபோது தானே கஞ்சி வாங்கிக்கொண்டு பாலக்கரைச் சந்துக்குள் தேடிப் போனவர். நல்லவர் என்பதில் மார்க்கெட்டில் இரண்டு கருத்து கிடையாது. அவருக்கு ஒரே ஒரு சங்கடம்தான் இருந்தது. நட்டம் என்ற சொல்லை அவரால் தன் பெயரோடு சேர்த்துப் பார்க்க முடியாது.

சின்னக்கடைத் தெருவில் ஒருமுறை செருப்பு வாங்கினார். மலிவாகக் கிடைத்தது. மலிவுக்குக் காரணம், அது அவர் காலைவிட ஒரு விரற்கடை சிறியது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்திருப்பார்கள். இவர் போட்டுக்கொண்டார். செருப்பு காலுக்குப் பழகிவிடும் என்றார். பழகியது கால்தான். ஒரு வருஷம் மண்டிக்குள் அவர் நடந்ததைப் பார்த்தவர்கள், அவருக்கு வாதம் என்று நினைத்து மருந்து சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் வார் அறுந்த அன்று, கட்டுப் போட்ட கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, "குடுத்த காசுக்கு வேலை வாங்கிட்டேன் பாத்தியா" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

இந்தக் குணத்தோடு வெல்லம் விற்க வந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை. வெல்லம் காத்திருக்கிற சரக்கு அல்ல.

ஓலைப்பாயில் சிப்பம் சிப்பமாகக் கட்டி வரும் வெல்லத்தை வாங்கிக் கிடங்கில் அடுக்குவோம். விலை ஒரு ரூபாய் ஏறினால் முதலாளிக்கு இருப்புக்கொள்ளாது. போட்டதற்கு மேல் கிடைக்கிறதே, நாளைக்குக் கிடைக்காமல் போய்விட்டால் என்று பதறி அன்றைக்கே விற்றுவிடுவார். அடுத்த வாரம் அது இன்னும் மூன்று ரூபாய் ஏறும். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. தான் லாபத்தில்தான் விற்றோம் என்பது போதும். ஆனால் விலை இறங்கிவிட்டதோ, அந்தச் சரக்கின் மேல் அவருக்கு ஒரு பாசம் வந்துவிடும். அதைப் பின்கட்டுக் கிடங்குக்கு மாற்றச் சொல்வார். வாங்கின விலை திரும்பி வரும்வரை அது அங்கேதான். கேட்டால் ஒரே பதில்.

"விக்காத வரைக்கும் நட்டம் இல்ல தம்பி. வித்தாத்தான் நட்டம்."

இப்படியாக, நல்ல விலைக்குப் போகிற சரக்கெல்லாம் முன்வாசல் வழியாக ஓடிப்போய்விட, போகாத சரக்கெல்லாம் பின்கட்டில் குடியேறியது. சில வருஷங்களில் எங்கள் மண்டியில் பின்கட்டுதான் பெரிய கட்டு.

லாபம் வந்த நாளில் அதற்குக் காரணம் அவருடைய மூளை. காற்று திரும்பினதை வைத்தே கண்டுபிடித்துவிட்டதாக எதிர்க்கடைக்காரருக்குச் சொல்வார். விலை விழுந்த நாளில் காரணம் டில்லி. சில நாள் மழை. ஒரு தடவை, காலையில் கடை திறக்கும்போது எதிரே வந்த பூனை. எங்கள் மண்டிக்கு வந்த லாபமெல்லாம் ஒரே ஆள் கொண்டுவந்தது, நட்டத்தை மட்டும் ஊரே சேர்ந்து கொண்டுவந்தது.

அவரிடம் பணத்துக்குள்ளேயே ஜாதி உண்டு. பெருமாளுக்கு என்று மஞ்சள் துணியில் முடிந்து வைத்தது ஒன்று. கல்லாப்பெட்டியில் இருப்பது ஒன்று. எதிர்பாராமல் வந்த பணம் இன்னொன்று; அதைச் செலவழிக்கும்போது அவருக்கு வலிக்காது. ஒரு மாசி மாதம் கல்லா வற்றிவிட்டது. மஞ்சள் முடிச்சில் முந்நூறு ரூபாய்க்கு மேல் இருந்தது. அதைத் தொடாமல், வட்டிக்காரரிடம் போய் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு முந்நூறு வாங்கி வந்தார். பெருமாளிடமே கைமாற்று வாங்கியிருந்தால் வட்டி மிச்சமாகியிருக்குமே என்று கணக்குப்பிள்ளை மெல்லச் சொன்னார். "பெருமாள் கணக்கு வேற, மண்டிக் கணக்கு வேற" என்று இவர் காதைப் பொத்திக்கொண்டார். ஐந்து மாதம் வட்டி கட்டினார். பெருமாள் அத்தனை நாளும் பெட்டிக்குள் சும்மா படுத்திருந்தார்; அவருக்கும் அது பழக்கந்தானே.

நான் சொல்ல வந்தது பதினெட்டு ரூபாய் வெல்லத்தைப் பற்றி.

எங்கள் மண்டியில் மற்ற சரக்குக்கெல்லாம் ஊர்ப் பெயர் உண்டு. இதற்கு மட்டும் விலைதான் பெயர். சிப்பம் பதினெட்டு ரூபாய்க்கு நூற்றைம்பது சிப்பம் வாங்கினார். வாங்கின மறு வாரமே விலை பதினாறு. பிறகு பதினான்கு. நாங்கள் எல்லோரும் விற்றுவிடுவார் என்று பார்த்தோம். அவர் பின்கட்டைக் காட்டினார். புரட்டாசி போனது. ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்று பட்டால் வெல்லம் வியர்க்கும். முதலில் சிப்பத்தின் மேல் கறுப்பாக ஈரம் தெரிந்தது. பிறகு அடியில் கசிந்தது. பிறகு கதவுக்குக் கீழே ஒரு நாக்கு நீட்டியது. திருச்சியில் இருந்த எறும்புகளுக்கெல்லாம் தகவல் போய்விட்டது. பின்கட்டுக்குப் போகிறவர்கள் செருப்பை அங்கேயே ஒட்ட விட்டுவிட்டுத்தான் திரும்பினார்கள்.

அந்தச் சமயத்தில் இரண்டு பேர் வந்தார்கள். அப்போது நம் ராஜ்யத்தில் மதுவிலக்கு. கெட்டுப்போன வெல்லத்துக்குத் தனியாக ஒரு கிராக்கி உண்டு; யார், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. வந்தவர்கள் முகர்ந்து பார்த்து மகிழ்ந்துபோனார்கள். நல்ல வெல்லமே பதிமூன்று விற்கிற நாளில் இதற்குப் பதினான்கு தருகிறோம், ராத்திரியில் வண்டி வரும் என்றார்கள். முதலாளி எழுந்து நின்று, முடியாது, கடையை விட்டுப் போங்கள் என்று உரக்கச் சொன்னார். பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் கேட்டது.

மறுநாள் மார்க்கெட் முழுவதும் அதே பேச்சு. வியாபாரிகள் கூட்டத்தில் அவரைக் கொள்கைக்காரர் என்று புகழ்ந்து ரோஜா மாலை போட்டார்கள். மாலையோடு மண்டிக்கு வந்தவர், தராசுப் பக்கம் குனிந்து என்னிடம் மட்டும் சொன்னார்:

"பதினெட்டு சொல்லியிருந்தா கொஞ்சம் யோசிச்சிருப்பேன் தம்பி."

மழைக்குப் பிறகு விலை பன்னிரண்டுக்கு வந்தது. ஒரு நாள் காலையில் முதலாளி மிகுந்த உற்சாகத்தோடு வந்தார். ராத்திரி முழுவதும் யோசித்து வழி கண்டுபிடித்துவிட்டாராம். கையிலிருக்கிற நூற்றைம்பதோடு, பன்னிரண்டு விலைக்கு இன்னும் முந்நூறு சிப்பம் வாங்குவது. இரண்டையும் சேர்த்து வகுத்தால் எல்லாமே பதினான்குக்கு வாங்கின மாதிரி ஆகிவிடும். பதினெட்டு என்ற விலையே இருக்காது. விலை பதினைந்துக்கு வந்தால்கூட லாபம். கணக்குப்பிள்ளை வகுத்துப் பார்த்தார். பதினான்கு சரியாகத்தான் வந்தது.

முந்நூறு சிப்பத்துக்குப் பணம் எங்கே? அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார். முசிறிக்குப் பக்கத்தில் அவருக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. வாய்க்கால் பாய்ச்சல். வாழையும் நெல்லும் மாறி மாறி வரும். கல்யாணத்தின்போது மாமனார் மாப்பிள்ளை பேரிலேயே எழுதிக் கொடுத்தது. அதை விற்றுவிடுவது.

"அது சும்மா வந்தது. என் கைக்காசு ஒரு காலணா போகலை. அஞ்சாயிரத்துக்கு வித்தா அஞ்சாயிரமும் லாபம்தானே?" என்று அவர் கேட்டபோது கணக்குப்பிள்ளை விட்டத்தைப் பார்த்தார்.

வருஷத்துக்கு வருஷம் விளைகிறது நிலம். நாளுக்கு நாள் ஓடுகிறது வெல்லம். இவர் நிலத்தை விற்று வெல்லத்தைக் காப்பாற்றப் போகிறார்.

முதலாளியின் வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் தெருவில். மாதம் ஒருமுறை மளிகைச் சாமான்களை நான்தான் கொண்டுபோய்ப் போடுவேன். முதலாளியம்மா உயரமானவர், ஒல்லி, முசிறிக்காரர். பேச்சு வெடுக்கென்று வரும், ஆனால் வந்தவனுக்கு மோர் கொடுக்காமல் பேசமாட்டார். அந்த மாதம் நான் போனபோது, நிலத்தை விற்கிற பேச்சு அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. அவர்கள் வீட்டு அரிசி, பிள்ளைகள் இரண்டு பேரின் பள்ளிக்கூடச் சம்பளம், தீபாவளித் துணி எல்லாம் அந்த நிலத்துக் குத்தகையில் நடப்பவை. மண்டி வருமானம் மண்டிக்கே போதவில்லை என்பது அந்த அம்மாவுக்கும் தெரியும்.

முதலாளி கூடத்தில் உட்கார்ந்து பதினான்கு ரூபாய்க் கணக்கை மறுபடி விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஓடுற வெல்லத்தோட ஓடாத வெல்லத்தைச் சேத்தா எல்லாம் சேந்துதாங்க ஓடும்" என்றார் அம்மா.

"உனக்கு வியாபாரம் தெரியாது."

"எனக்குத் தெரியாதுங்க. எறும்புக்குத் தெரியுது. அது ஒண்ணுதான் உங்க சரக்கை நம்பி வருது."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்று துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். முசிறியிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து நிலத்தைப் பேசி முடிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அம்மா அழுவார் என்று நினைத்து நான் மோர்த் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அழவில்லை. அரிசி புடைத்தபடியே கேட்டார்.

"தம்பி, உங்க முதலாளி எதை விக்க மாட்டாரு?"

நான் யோசித்து, விலை வராததை என்றேன்.

"ஆமா. வெல்லத்துக்கு மனசுல பதினெட்டுன்னு ஒரு விலை இருக்கு. அதனால அதை உயிர் போனாலும் விக்க மாட்டாரு. எங்கப்பா குடுத்த நிலத்துக்கு அவரு மனசுல விலையே இல்ல. அதான் தம்பி ஆபத்து." முறத்தைக் கீழே வைத்தார். "ஒரு பெரிய விலையை ஏத்தி வச்சிட்டாப் போதும். அப்புறம் அதுவே காவல் காக்கும்."

மண்டியில் எந்த நாள், எந்த நேரம் கூட்டம் இருக்காது என்று மட்டும் என்னிடம் கேட்டார். செவ்வாய்க்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு என்றேன். அவருடைய தம்பிக்குத் தொட்டியத்தில் ஒரு சிநேகிதர் இருப்பதாகவும், வாழை வியாபாரி என்றும், முதலாளி அவரைப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். நான் எதுவும் சொல்ல வேண்டாம், தராசில் நின்றால் போதும் என்றார். அது எனக்கு முடிகிற காரியம்.

செவ்வாய்க்கிழமை தொட்டியத்துக்காரர் வந்தார். பெரிய மீசை, தோளில் பச்சைத் துண்டு. வாழைத்தார் பிடிக்க வந்ததாகவும், வெயிலுக்கு ஒதுங்கியதாகவும் சொல்லி உட்கார்ந்தார். வெற்றிலை போட்டார். வாழை விலை பேசினார். பேச்சோடு பேச்சாக, முசிறிப் பக்கம் வாய்க்கால் ஓரமாக இரண்டு ஏக்கர் உங்களுடையதாமே, அதை எனக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டார். முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்தவர் வாயால் விலை சொல்லவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து இருவர் கையின் மேலும் போட்டார்.

சந்தையில் மாடு பிடிக்கிறவர்களும் மண்டிகளில் பழைய ஆட்களும் அப்போது அப்படித்தான் விலை பேசுவார்கள். துண்டுக்குள் ஒருவர் கையை ஒருவர் பிடிப்பார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக்கையைப் பிடித்தால் ஐந்து. பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. வாயால் சொன்ன விலையில் பொய் இருக்கலாம், விரலைப் பிடித்துச் சொன்ன விலையில் இருக்காது என்பது மார்க்கெட்டில் வேதவாக்கு.

"ஆயிரத்துல பேசறேன்" என்று மட்டும் மீசைக்காரர் சொன்னார். துண்டு அசைந்தது. ஒரு நிமிஷம் நின்றது. மறுபடி அசைந்தது. முதலாளியின் முகத்தில் ரத்தம் ஏறியது.

அவசரமில்லை, வெள்ளாமை முடிந்து தை பிறந்ததும் வருகிறேன், யோசித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். முதலாளி தன் கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"முழுக்கையைப் பிடிச்சான் தம்பி. அப்புறம் நாலு விரல். ஒன்பது. ஒன்பதாயிரம்."

ஞாயிற்றுக்கிழமை, நிலம் வாங்க வருவதாக இருந்த முசிறி ஆள் பணத்தோடு ஸ்ரீரங்கம் வந்தார். பத்திரத்தை எடுத்துக்கொடுக்க நானும் போயிருந்தேன். ஐந்தாயிரம் என்றார். முதலாளி சிரித்தார். அவர் ஐந்நூறு கூட்டினார். அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு காணியும் போகவில்லை, விசாரித்துப் பாருங்கள் என்று சத்தியம் செய்தார்.

"ஒன்பதைப் பாத்த கை இது. அஞ்சரையை வாங்கச் சொல்றீங்களே" என்று முதலாளி கையை விரித்துக் காட்டினார். வந்தவர் அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று உற்றுப் பார்த்துவிட்டு, எதுவும் தெரியாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். உள்ளே அந்த அம்மா பாத்திரத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கழுவுகிற சத்தம் கேட்டது.

நிலம் தப்பியது. முந்நூறு சிப்பம் வாங்கப் பணம் இல்லை. பழைய நூற்றைம்பதும் தன் வழியே போயிற்று. மார்கழியில் சுகாதார அதிகாரி ஒருவர் மூக்கைப் பிடித்தபடி வந்து, பின்கட்டை உடனே காலி செய்யாவிட்டால் மண்டியையே பூட்டுவேன் என்றார். மாட்டுக்குக் கலந்து வைக்க எடுத்துக்கொள்கிறோம் என்று யாரோ சொன்னார்கள், ஆனால் வண்டிக்கூலி நாங்களே தரவேண்டும் என்றார்கள். கொடுத்தோம். மூன்று கட்டைவண்டிகளில் பதினெட்டு ரூபாய் வெல்லம் சொட்டிக்கொண்டே மார்க்கெட்டைத் தாண்டிப் போனது. முதலாளி வாசலில் நின்று வழியனுப்பினார். எனக்கு அவரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அவர் என் தோளில் கைவைத்து என்னைத்தான் தேற்றினார்.

"ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்க தம்பி. நட்டத்துக்கு நாம விக்கலை."

தை பிறந்தது. மீசைக்காரர் வரவில்லை. முதலாளி கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் முசிறி பஸ் ஏற ஆரம்பித்தார். சில தடவை என்னையும் அழைத்துக்கொண்டு போனார். வாழைச் சந்தையில் மீசை வைத்தவர்களையெல்லாம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். முசிறியில் மீசைக்குப் பஞ்சமில்லை. ஆள் அகப்படாத வருத்தத்தைவிட, ஒன்பதாயிரம் பெறுகிற நிலத்துக்குச் சொந்தக்காரன் என்ற பெருமை அவருக்கு அதிகமாக இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் சொன்னார். டிக்கெட் கொடுத்த கண்டக்டரிடமும் சொன்னார்.

பெருமையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் நடையே மாறிவிட்டது. ஐந்து பெறும் என்று நினைத்தது ஒன்பது ஆகிவிட்டதே, நடுவில் நாலாயிரம் வந்திருக்கிறதே என்று அதைச் செலவழிக்கத் தொடங்கினார். தவணையில் ஒரு ரேடியோ வந்தது. எங்களுக்கு அந்த வருஷம் வேட்டியோடு சட்டைத்துணியும் கிடைத்தது. விற்காத வரைக்கும் நட்டம் இல்லை என்றவருக்கு, லாபம் வருவதற்கு மட்டும் விற்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மாசி மாதம் நான் மளிகையோடு போயிருந்த சாயங்காலம், முதலாளி பெரிய கடைவீதியிலிருந்து ஒரு சிறிய பெட்டியோடு வீட்டுக்குள் வந்தார். கெம்புக்கல் பதித்த ஜிமிக்கி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உனக்கு ஒன்றும் வாங்கித் தந்ததில்லை என்று சொல்லி, எங்கள் எல்லோர் எதிரிலும் அந்த அம்மாவைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அம்மா போட்டுக்கொண்டார். அவருக்கு நன்றாக இருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏதுங்க காசு?"

"காசு என்ன காசு. நகைக்கடைக்காரர் நமக்குத் தெரிஞ்சவரு. அப்புறம் குடுத்துக்கலாம்னாரு. நிலத்துலதான் நாலாயிரம் வந்திருக்கே."

அம்மா ஜிமிக்கியைக் கழற்றி, முன்னால் இருந்த பித்தளைத் தட்டில் வைத்தார். நான் எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். அவர் என்னை உட்காரச் சொன்னார், சாட்சிக்கு ஆள் வேண்டுமாம். எல்லாவற்றையும் சொன்னார். தம்பியின் சிநேகிதர் என்பது, தொட்டியத்துக்குச் சொல்லியனுப்பியது, செவ்வாய்க்கிழமை பகல் நேரம் பார்த்து அனுப்பியது. நிலம் கைவிட்டுப் போய்விடக்கூடாது என்று செய்தேன், வேறு எண்ணம் இல்லை என்றார். அந்த ஆள் ஒன்பது ரூபாய்க்குக்கூட நிலம் வாங்குகிறவர் இல்லை. நாலாயிரம் என்று ஒன்று கிடையாது. ஜிமிக்கியை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

அப்போதுதான் முதல்முறையாக முதலாளியை நட்டப்பட்ட மனிதராகப் பார்த்தேன். மூட்டை சரிந்தது போல உட்கார்ந்திருந்தார். உள்ளே ரேடியோ எதையோ வாசித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ எவ்வளவு சொல்லச் சொன்னே?" என்றார் முதலாளி கடைசியாக.

"எட்டுதான் சொல்லச் சொன்னேன். முழுக்கையும் மூணு விரலும். அந்த மனுசன் என்ன நினைச்சாரோ, ஒரு விரலைக் கூடப் பிடிச்சிட்டாரு."

"நீ சொல்லலையா அதை?"

"நான் ஏன் சொல்றேன்?"

"உன் தம்பி சொன்னானா?"

"அவனும் சொல்லலைங்க. அவரா பிடிச்சதுதான்."

முதலாளி மெல்ல நிமிர்ந்தார். முகத்தில் மறுபடி வெளிச்சம் வந்தது. வலது கையை விரித்து, அதில் ஒரு விரலைத் தனியாகப் பிடித்துத் தூக்கி எனக்குக் காட்டினார்.

"கேட்டியா தம்பி. எட்டு இவ சொல்லிக் குடுத்தது, அதைத் தள்ளிடு. இந்த ஒரு விரல் இருக்கே, இது யாரும் சொல்லிக் குடுக்காதது. இது மார்க்கெட்டு பிடிச்ச விரல். நிலத்தைப் பாத்தவன், மனசு கேக்காம ஆயிரத்தைக் கூட்டிருக்கான். சும்மா கேட்டவனே ஒன்பது கேட்டான்னா, நெசமா வாங்க வர்றவன் என்ன கேப்பான்? அவசரப்பட்டு நாம ஒன்பதுக்குக் குடுத்துடக் கூடாது."

அந்த அம்மா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்த ஜிமிக்கியை எடுத்து, ஒவ்வொன்றாகக் காதில் மாட்டிக்கொண்டார்.